டீர் என்றால் மான்தான்: வழக்கின் பக்கம் நின்று ஒரு வாதம்

நடுவர் அவர்களே, அவையோர்களே, வணக்கம்.

‘சொல்லின் மெய்ப்பொருளைத் தருவது வேரா, மக்கள் வழக்கா?’ என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஆங்கிலத்தின் ‘டீர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். பழைய ஆங்கிலத்தில் அது ‘டேயோர்’. எல்லா விலங்குக்கும் பொதுப்பெயர். ஆகவே விலங்கு என்பதே மெய்ப்பொருள், மான் என்பது பின்னால் வந்த சிதைவு என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

அவர் சொன்ன வரலாறு உண்மை, ஐயா. ஜெர்மானியர் இன்றைக்கும் விலங்கை ‘டீர்’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே ‘டீர்ஆர்ட்ஸ்ட்’ என்றால் மாட்டுக்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர். 1608இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்திலும், பைத்தியக்கார வேடம் போட்டவன் சுண்டெலியையும் எலியையும் சொல்லி, அவற்றைப் போன்ற ‘சின்ன டீர்’களைத் தின்று பிழைத்ததாகப் பேசுகிறான். அங்கே டீர் விலங்கு, மான் இல்லை. எல்லாம் சரி. ஆனால் அது ஏன் மானாயிற்று? அதை அவர் தொடவே இல்லை.

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தான். காடுகளை அரசனின் வேட்டைக்காடு ஆக்கினான். 1087இல் அவன் இறந்ததை ஒட்டி பழைய ஆங்கிலத்தில் ஆண்டுவாரியாக எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் எழுதியவர், கலைமானையோ பெண்மானையோ கொன்றவனுடைய கண்களைப் பறிக்க அவன் சட்டம் போட்டதைப் பதிந்திருக்கிறார். பெருங்கலைமான்களைப் பெற்ற தகப்பன் போல நேசித்தான் என்றும் எழுதுகிறார். அந்த வரியில் கலைமானுக்கு அவர் போட்ட சொல், ‘உயர்ந்த டேயோர்’!

யோசித்துப் பாருங்கள். தன் ஊர்க் காட்டில் ஒரு மானை அடித்தால் கண் போகும் என்ற பயத்தில் வாழ்ந்த ஜனங்கள். வேட்டை என்றாலே மான், காட்டு விலங்கு என்றாலே மான். பொதுச்சொல் அந்த ஒரு விலங்கின் மேல் மெல்ல மெல்லக் குவிந்தது. பிரெஞ்சிலிருந்து ‘பீஸ்ட்’ வந்தது, லத்தீனிலிருந்து ‘அனிமல்’ வந்தது, விலங்கு என்ற பழைய வேலையை அவை ஏற்றுக்கொண்டன. இதைச் சிதைவு என்று எப்படி ஐயா சொல்வது? ஒரு ஜனத்தின் வாழ்க்கையே அந்தச் சொல்லுக்குள் இறங்கியிருக்கிறது. வேரை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அந்தக் காடும் தெரியாது, அந்தச் சட்டமும் தெரியாது.

வனாந்தரத்தைக் குறிக்கும் ‘வில்டர்னஸ்’ என்ற சொல்லுக்குள் டேயோர் இன்னும் ஒளிந்திருக்கிறதே என்றார் எதிரணித் தலைவர். இருக்கட்டும். காட்டு விலங்கு திரியும் இடம் என்றுதான் அது பிறந்தது. ஆனால் ஒரு விலங்கும் இல்லாத வெறும் பாலைக்கும் இன்று அதே பெயர்தான். உள்ளே வேர் கிடக்கிறது, பொருளை ஆள்வது வழக்கு.

நம் வாயிலேயே இதற்குச் சாட்சி உண்டு. வடமொழியின் ‘ம்ருக’ காட்டு விலங்கையும் குறிக்கும், மானையும் குறிக்கும். அங்கிருந்து வந்த ‘மிருகம்’ தமிழில் விலங்காக நின்றது. அதே சொல் ‘மிருகசீரிடம்’ என்ற நட்சத்திரப் பெயரில் மானாக நின்றது. மான்தலை என்பது பொருள். ஒரே வேர், இரண்டு பொருள். இதில் எது மெய், எது சிதைவு? எதிரணி எதை வெட்டி எறியப் போகிறது?

கடைசியாக நாய்க்கு வருகிறேன். பழைய ஆங்கிலத்தில் எந்த நாய்க்கும் ‘ஹுந்த்’ என்றுதான் பெயர். அது இன்று ‘ஹவுண்ட்’ ஆகி வேட்டைநாயோடு சுருங்கிவிட்டது. அந்த இடத்தைப் பிடித்தது ‘டாக்’. பழைய ஏடுகளில் ‘டாக்கா’ என்று அபூர்வமாகத் தலைகாட்டும் சொல் அது. ஜெர்மனில் கேட்டாலும் டச்சில் கேட்டாலும் அதற்குப் பழைய உறவு கிடையாது. அகராதிக்காரர்கள் எவ்வளவோ தேடிவிட்டு, ‘தோற்றம் தெரியவில்லை’ என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எதிரணித் தலைவரிடம் ஒரே கேள்வி, ஐயா. வேர்தான் பொருள் தருகிறது என்றால், வேரே அகப்படாத இந்தச் சொல்லைக் கேட்டதும் லண்டனில் இரண்டு வயதுக் குழந்தை சரியாக நாயைக் கைகாட்டுகிறதே, அந்தப் பொருளை அதற்குக் கொடுத்தது யார்? அவர் எழுந்து பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.