முதல் முறையாக வீட்டு பீரை கெக்கில் ஏற்றுகிறேன்: காற்று உள்ளே போகாமல் எப்படிச் செய்வது?

வணக்கம் நண்பர்களே. மினசோட்டாவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் மேசைமேல் இருக்கும் பிளாஸ்டிக் கேனில் அமெரிக்கன் பேல் ஏல் இருக்கிறது. ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ; இதில் கேஸ்கேட் என்ற வகை மட்டும் போட்டுக் காய்ச்சியது. இதுவரை காய்ச்சியதையெல்லாம் பாட்டிலில்தான் அடைத்திருக்கிறேன். இன்றைக்கு முதல் தடவையாக கெக்கில், அதாவது பீரை வாயு அழுத்தத்தில் வைக்கும் ஸ்டீல் பீப்பாயில், ஏற்றப் போகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் வீட்டில் பீர் காய்ச்ச மத்திய அரசின் தடை நீங்கியது. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை வரி கட்டாமல் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதற்கு அனுமதி இல்லை. அங்கிருந்து பார்க்கிறவர்கள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, எதற்காக கெக்? கேட்டால் நிறைய பேர் "பாட்டில் கழுவுகிற வேலை மிச்சம்" என்பார்கள். உண்மைதான். 5 கேலன் பீருக்கு 50 பாட்டில் வரை ஆகும். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஹாப்ஸின் வாசனை. கேஸ்கேட் போட்ட பீரை இறக்கிய புதிதில் முகர்ந்தால் பம்ப்ளிமாஸ் தோலை நகத்தால் கீறின மாதிரி ஒரு மணம் வரும். அந்த மணத்துக்கு முதல் எதிரி ஆக்ஸிஜன். காற்று பட்ட பீரில் முதலில் வாசனை மங்கும், பிறகு நிறம் கருக்கும், கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி வந்துவிடும்.

பாட்டிலில் சர்க்கரை போட்டு மூடும்போது உள்ளே உயிருள்ள ஈஸ்ட் மறுபடி வேலை செய்யும். அப்போது மாட்டிக்கொண்ட ஆக்ஸிஜனில் கொஞ்சத்தை அதுவே தின்றுவிடும். கெக்கில் அந்த உதவி கிடைக்காது. பீர் ஃப்ரிட்ஜ் குளிரில் இருக்கும், ஈஸ்ட் தூங்கிவிடும், வாயுவை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம். உள்ளே போன காற்று போனதுதான். மூடியைத் திறந்து வைத்து மேலிருந்து குழாயை விட்டு நிரப்பினால், கெக் வாங்கியதன் பாதிப் பலன் அங்கேயே போய்விடும். அதனால் இந்த வீடியோவில் பாதிக்கு மேல் காற்றை வெளியே தள்ளுகிற வேலையாகத்தான் இருக்கும். பொறுமையாகப் பாருங்கள்.

இதுதான் கெக். கார்னி கெக் என்பார்கள். இங்கே மினசோட்டாவில் தொடங்கிய கார்னீலியஸ் நிறுவனத்தின் பெயர். ஒரு காலத்தில் ஓட்டல்களுக்கு கோலா சிரப் இந்த மாதிரி கெக்கில்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அட்டைப்பெட்டிக்குள் பை வைத்து சிரப் அனுப்ப ஆரம்பித்தார்கள். வேலை இல்லாமல் போன கெக்குகள் ஏராளமாக வீட்டில் காய்ச்சுபவர்களின் கைக்கு வந்தன. இணைப்பு மாட்டும் விதத்தில் இரண்டு வகை உண்டு: பெப்சிக்காரர்கள் பயன்படுத்தியது பால் லாக் (ball lock), கோக் பயன்படுத்தியது பின் லாக் (pin lock). என்னுடையது பால் லாக், பழையது. கொள்ளளவு 5 கேலன், நம் கணக்கில் 19 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

மேலே பாருங்கள். நடுவில் முட்டை வடிவ மூடி. அதில் இந்த வளையத்தை இழுத்தால் அழுத்தம் வெளியேறும். இரண்டு பக்கமும் இரண்டு வாய். ஒன்று வாயு உள்ளே போவதற்கு, அதன் கீழே விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குழாய். மற்றது பீர் வெளியே வருவதற்கு, அதன் குழாய் கெக்கின் அடிவரை போகும். வாயுவுக்குச் சாம்பல் நிற இணைப்பு, பீருக்குக் கறுப்பு. மாற்றி அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், கழற்றுவது பெரும்பாடு.

பழைய கெக் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூடிக்கு ஒன்று, வாய்களுக்கு இரண்டு, குழாய்களுக்கு இரண்டு என மொத்தம் 5 ரப்பர் வளையங்கள் இருக்கும். ஐந்தையும் மாற்றிவிடுங்கள். இதோ, பழைய வளையத்தை மூக்கருகே கொண்டுபோனால் இன்னமும் ரூட் பீர் என்ற குளிர்பானத்தின் வாசனை அடிக்கிறது. ரப்பருக்குள் ஊறியது எத்தனை தடவை கழுவினாலும் போகாது. புது வளையத்தில் உணவுக்கு உகந்த கிரீஸ் கொஞ்சம் தடவிப் போடுங்கள்.

கெக்கை ஏற்கெனவே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டேன். இப்போது ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கி. 5 கேலன் தண்ணீருக்கு 1 அவுன்ஸ். கிருமிநீக்கத்துக்கு மட்டும் என்றால் ஒரு லிட்டர் ஊற்றிக் குலுக்கினாலே போதும். நான் விளிம்புவரை நிரப்புகிறேன், ஏனென்றால் திரவம் இருக்கிற இடத்தில் காற்று இருக்க முடியாது. மூடியைப் போட்டு, கார்பன் டை ஆக்சைடை 5 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) வைத்து உள்ளே விட்டு, அடிக்குழாய் வழியாக அத்தனையையும் பக்கெட்டுக்குத் தள்ளப் போகிறேன். தண்ணீர் இறங்க இறங்க அதன் இடத்தில் சுத்தமான வாயு உட்காரும். இதற்கு ஆகும் வாயு 50 கிராம்கூட வராது. என் சிலிண்டரில் 5 பவுண்டு, அதாவது 2 கிலோவுக்கு மேல் இருக்கிறது. கஞ்சத்தனம் வேண்டாம்.

சத்தம் மாறுகிறது, கேட்கிறதா? தண்ணீர் முடிந்து நுரையைத் துப்புகிறது. கெக் காலி. உள்ளே கொஞ்சம் நுரை மிச்சமிருக்கும், பரவாயில்லை. சரியான அளவில் கலந்த ஸ்டார் சான் பீரைக் கெடுக்காது.

இனி பீர். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.052-இல் தொடங்கியது, 1.011-இல் வந்து நின்றுவிட்டது. ஆல்கஹால் 5.4 சதவீதம் பக்கம். நேற்றே ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வைத்ததால் ஈஸ்ட் அடியில் படிந்துவிட்டது. கேனின் குழாயிலிருந்து ஒரு டியூப், கறுப்பு இணைப்பு வழியாகக் கெக்கின் அடிக்குப் போகிறது. கெக்கின் வாயு வாயிலிருந்து இன்னொரு டியூப், கேனின் உச்சிக்குத் திரும்புகிறது. பீர் கீழே இறங்கும்போது கெக்கில் இருக்கும் வாயு மேலே ஏறி, கேனில் காலியாகும் இடத்தை நிரப்பும். இரண்டுக்கும் நடுவில் வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை. பம்ப் வேண்டாம், கேன் உயரத்தில் இருந்தால் போதும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: முதலில் மூடி வளையத்தை இழுத்துக் கெக்கின் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாயு பீருக்குள் போய் அடியில் படிந்ததையெல்லாம் கலக்கிவிடும்.

திறக்கிறேன்... போகிறது. கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன். ஜூலை மாதம், இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கெக்கின் அடியில் வேர்த்திருக்கிறது, பாருங்கள். சில்லென்ற பீர் எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை வெளியே முத்து முத்தாக நீர். அதற்கு மேலே ஸ்டீல் காய்ந்து கிடக்கிறது. உள்ளே பார்க்கவே வேண்டாம், அந்த ஈரக்கோடு அளவைச் சொல்லிவிடும். வாயுக் குழாய்க்கு ஓரங்குலம் கீழே வந்ததும் நிறுத்திவிடுவேன்.

நின்றது. இப்போது 30 பி.எஸ்.ஐ. கொடுக்கிறேன். மூடி விளிம்பில் இறுக உட்கார இந்த அழுத்தம் தேவை. வளையத்தை இழுத்து விட்டு, மறுபடி வாயு, மறுபடி இழுப்பது. சில தடவை செய்தால் மேலே தப்பித்தவறி இருக்கும் காற்றும் போய்விடும். அப்புறம் எல்லா இணைப்பிலும் ஸ்டார் சான் கலவையைத் தெளித்துப் பார்க்க வேண்டும். ஊரில் சமையல் கேஸ் சிலிண்டர் மாற்றினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போமே, அதே சோதனைதான். குமிழ் வந்தால் கசிவு.

கசிவு என்றால் வாயு வீணாவது மட்டும் கிடையாது. 5 பவுண்டும் வெளியே வந்தால் 1,200 லிட்டர் வாயு. காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். கதவு மூடிய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. பேஸ்மென்ட்டில் வைப்பவர்கள் கார்பன் டை ஆக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இதைக் கண்டுபிடிக்காது, அது வேறு. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும், சாய்ந்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய்விடும். அழுத்தம் இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

நுரைக்கு வருவோம். 30 பி.எஸ்.ஐ.யில் கெக்கைத் தரையில் உருட்டிக் குலுக்கி ஒரே நாளில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செய்யப் போவதில்லை. அவசரத்தில் அளவு மீறினால் திரும்பக் குறைப்பது தலைவலி. தெளிந்த பீரைக் கலக்கவும் எனக்கு மனமில்லை. குளிர்ந்த திரவத்தில் வாயு அதிகம் கரையும். 38 டிகிரி பாரன்ஹீட்டில் 12 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டால், பீர் தனக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு 2.5 வால்யூம் சுமாரில், அதாவது பீரின் கன அளவைப்போல் இரண்டரை மடங்கு வாயு கரைந்ததும், நின்றுவிடும். ஒன்றிரண்டு வாரம் ஆகும், ஆகட்டும். ஃப்ரிட்ஜை பேஸ்மென்ட்டில் வைத்ததும் யோசித்துத்தான். இந்த ஊர்க் குளிர்காலத்தில் கராஜில் வைத்தால் கெக் உறைந்துவிடும்.

இது வேறொரு நாள். சட்டை மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையில் இருக்கும் இந்த பிக்னிக் டேப்புக்கு, அதாவது அழுத்தினால் பீர் வரும் சின்னக் குழாய்க்கு, 10 அடி டியூப் போட்டிருக்கிறேன், உள்விட்டம் 3/16 அங்குலம். இவ்வளவு நீளம் எதற்கு என்றால், பீர் அந்த ஒல்லிக் குழாயில் உரசி உரசி வரும்போது அழுத்தம் குறைந்து மெதுவாக வெளியே வரும். டியூபைக் குட்டையாக வெட்டினால் கிளாஸ் நிறைய நுரைதான்.

முதல் கால் கிளாஸ் கலங்கலாக வருகிறது. அடிக்குழாயைச் சுற்றிப் படிந்த ஈஸ்ட் அது, கொட்டிவிடலாம். இரண்டாவது கிளாஸ்... ஆ, நிறத்தைப் பாருங்கள், தேன் நிறம். காய்ச்சிய அன்று எடுத்துவைத்த படத்தைப் பக்கத்தில் போடுகிறேன், துளிகூடக் கருக்கவில்லை. முகர்கிறேன். கேனைத் திறந்த அன்று வந்த அதே மணம். இதற்காகத்தான் அவ்வளவு வாயுவைச் செலவு செய்தேன், மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. நுரை சின்னச் சின்னக் குமிழாக இருக்கிறது, கிளாஸ் ஓரத்தில் ஒட்டுகிறது. எனக்கு இன்னும் கொஞ்சம் வாயுவின் சுருக்கென்ற உணர்வு வேண்டும், இரண்டு நாள் விட்டுப் பார்ப்பேன்.

சிலிண்டர் காலியாகிறதா என்று மேல் மீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே திரவம் இருக்கிறவரை அது ஒரே அளவைத்தான் காட்டும், ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் குறைத்தும் காட்டும். தராசில் நிறுத்துப் பாருங்கள், காலி எடை கழுத்தில் பொறித்திருக்கும். டியூபைச் சுத்தம் செய்வதை இந்த கெக் முடிந்ததும் தனி வீடியோவாகப் போடுகிறேன். பின் லாக் கெக் வைத்திருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், உங்கள் இணைப்புகளையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன்.