அழுகையை அடக்கினால் மறதி வருமா? டாக்டர் அறையில் நடப்பது இதுதான்!

(திரையில்: மூடியிருக்கும் டாக்டர் அறைக் கதவு. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பம்.)

அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு மகள் வெளியே வருகிறாள். உள்ளே சொன்னது எல்லாம் அவள் காதில் விழுந்ததுதான். ஊரிலிருந்து தம்பி போன் பண்ணி, "என்னக்கா சொன்னாரு?" என்று கேட்கிறான். அவளுக்குப் பாதிகூட ஞாபகம் வரவில்லை. காலையில் வெறும் வயிற்றில் போடச் சொன்னது எந்த மாத்திரை? ரத்தப் பரிசோதனை எப்போது? ஒன்றும் தெளிவாக இல்லை.

அவள் கவனக்குறைவானவள் கிடையாது. அந்த அறையில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், அவர் பயந்துவிடக் கூடாது என்பதற்காக முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைதான் அவள் ஞாபகத்தைத் தின்றுவிட்டது. சும்மா சொல்லவில்லை, ஆராய்ச்சியே இருக்கிறது.

வணக்கம் மக்களே. நம் கடலூர் பக்கம் ஜிப்மருக்குப் போகாத குடும்பம் குறைவு. விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து, ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பம் தாண்டி, புதுச்சேரி வந்து, அங்கிருந்து கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ். மடியில் ஸ்கேன் கவர், பையில் பழைய சீட்டெல்லாம் போட்ட ஃபைல். அப்படிக் கூடப் போகிறவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. கடைசி வரை பாருங்கள், உங்கள் வீட்டுக்கும் இது உதவும்.

முதலில் கொஞ்சம் பின்னணி, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி, அதை ஒட்டி ஹிப்போகாம்பஸ். உணர்ச்சி பொங்கும்போது அமிக்டலா, "இது முக்கியம், பத்திரமாக வை" என்று ஹிப்போகாம்பஸை உசுப்பிவிடும். அதனால் உணர்ச்சி என்பது ஞாபகத்துக்கு எதிரி இல்லை. பல நேரம் நண்பன்தான். சரி, அப்படியானால் அந்த மகளுக்கு ஏன் மறந்தது?

(திரையில்: ஒரு நாற்காலி, எதிரே திரை, திரைக்கு மேலே கேமரா.)

ஜேன் ரிச்சர்ட்ஸ், ஜேம்ஸ் கிராஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளை 1999-லும் 2000-லும் வெளியிட்டார்கள். விபத்தில் காயம்பட்ட ஆண்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு படத்தோடும் அந்த ஆளின் பெயர், அவர் பார்க்கும் வேலை, அடி எப்படிப் பட்டது என்ற விவரம் காதில் விழும். ஒரு குழுவிடம், சும்மா பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு குழுவிடம், "உள்ளே என்ன தோன்றினாலும் சரி, உங்கள் முகத்தைப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியக் கூடாது" என்று சொன்னார்கள்.

பிறகு எல்லோருக்கும் ஞாபகப் பரீட்சை. முகத்தை அடக்கியவர்கள், காதில் கேட்ட விவரங்களில் பின்தங்கினார்கள். படத்தில் கண்ணால் பார்த்ததை அடையாளம் சொல்வதில் அந்தச் சரிவு இல்லை. போனது சொல்தான். எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே மிகவும் பிடித்த இடம் இது. ஏனென்றால் டாக்டர் அறையில் நமக்குக் கிடைப்பது முழுக்கச் சொல்தானே! அந்த மகளைக் கேட்டுப் பாருங்கள், மேசைமேல் மருந்து கம்பெனி கொடுத்த காலண்டர் இருந்ததைச் சொல்வாள், டாக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டே பேசியதைச் சொல்வாள். அவர் சொன்ன தேதிதான் வராது.

இது எப்படி நடக்கிறது? சில்வர் பீச்சில் அலை ஓரமாக உங்கள் குழந்தை விளையாடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொந்தக்காரர் கல்யாணக் கதை சொல்கிறார். நீங்கள் "உம்" கொட்டுகிறீர்கள், ஆனால் கண் குழந்தைமேல். கதையில் பாதி காற்றோடு போய்விடும். முகத்தை அடக்குவதும் அப்படிக் காவல் காக்கிற வேலைதான். உதடு துடிக்கிறதா, கண் கலங்குகிறதா, அப்பா பார்க்கிறாரா என்று நொடிக்கு நொடி நம்மையே கவனித்து, "அழாதே, அழாதே" என்று நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறோம். உள்ளே ஒரு பேச்சு ஓடும்போது வெளியே இருந்து வரும் பேச்சுக்கு இடம் எங்கே?

அதே ஆய்வில் மூன்றாவதாக ஒரு குழு இருந்தது. அவர்களிடம், "ஒரு மருத்துவர் தொழில்முறையாகப் பார்ப்பது போல இந்தப் படங்களைப் பாருங்கள்" என்றார்கள். அதாவது முகத்தைத் தொடவேண்டாம், பார்க்கிற கோணத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள் என்பது. இவர்களுக்குக் காதில் கேட்டது குறையவில்லை! உணர்ச்சியைக் கையாள்வது என்றாலே ஞாபகத்துக்குக் கேடு என்று இல்லை, கையாளும் விதத்தில்தான் இருக்கிறது. உணர்ச்சி பொங்கி வந்தபிறகு மூடி போட்டு அழுத்தினால் மூளைக்குச் செலவு அதிகம். வருவதற்கு முன்பே வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தால் செலவு குறைவு.

கணவன் மனைவி சேர்ந்து பார்ப்பவர்கள் இதைக் கேளுங்கள். 2003-ல் ரிச்சர்ட்ஸும் கிராஸும் இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து, காதல் ஜோடிகளை உட்காரவைத்து அவர்களுக்குள் இருக்கும் சச்சரவைப் பேசச் சொன்னார்கள். உணர்ச்சியை மறைத்தவர்களுக்கு, பேசியது என்ன என்பது குறைவாகத்தான் ஞாபகம் இருந்தது. தன் மனம் எப்படி இருந்தது என்பது மட்டும் நன்றாகப் பதிந்திருந்தது. "நீ அன்னிக்கு என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல, ஆனா எனக்கு எவ்வளவு வலிச்சுது தெரியுமா?" என்று வீட்டில் கேட்கிறோமே, அதேதான்! பல்லைக் கடித்துக்கொண்டு "சரி சரி" என்று கேட்பதைவிட, கோபமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேட்பது மேல் என்பது என் கருத்து.

அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை. தெளிவாக ஞாபகம் இருப்பதெல்லாம் சரியான ஞாபகம் என்று நம்பிவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், கடலூரில் யாரும் யோசிக்காமல் சொல்வார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த காட்சி கண்ணில் நிற்கும். 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, அந்தச் செய்தியை எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைசர். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டபோது, கால்வாசிப் பேர் சொன்னது முதலில் எழுதியதோடு எங்குமே பொருந்தவில்லை. ஆனால் பலர் அடித்துச் சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டியும் பழைய ஞாபகம் திரும்பவில்லை. ஆகவே முக்கியமானதை எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு.

மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவோம். நம் வீடுகளில் மூத்த பிள்ளையைப் பார்த்து, "நீ அழுதா அம்மா உடைஞ்சிடுவாங்க, தைரியமா இரு" என்று சொல்கிறோம். டாக்டர் சொன்னதையும் அதே பிள்ளையிடம்தான் கேட்கிறோம். இரண்டையும் ஒரே தலையில் ஏற்றுவது அநியாயம் என்று எனக்குப் படுகிறது. முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். நோயாளியின் கையைப் பிடித்துத் தைரியம் சொல்ல ஒருவர், நோட்டும் பேனாவுமாகக் கேட்க ஒருவர். தனியாகத்தான் போக முடியும் என்றால், "போன்ல பதிவு பண்ணிக்கட்டுமா டாக்டர்?" என்று அனுமதி கேளுங்கள். கிளம்பும் முன் மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்து, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க" என்று ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். உள்ளே போகும்போதே, தம்பிக்குச் சொல்லவேண்டிய விவரத்தைத் திரட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வதும் உதவலாம். அந்த மூன்றாவது குழு செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

அழுகை வந்துவிட்டால் அழுங்கள். "ஒரு நிமிஷம் டாக்டர், இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

உங்கள் வீட்டில் டாக்டர் அறைக்குள் எப்போதும் கூடப் போகிறவர் யார்? கமெண்டில் சொல்லுங்கள், இந்த வீடியோவை இன்றைக்கே அவருக்கு அனுப்புங்கள். பரீட்சை ஹாலுக்குள் போனதும் படித்ததெல்லாம் ஏன் மறந்துபோகிறது என்று பிளஸ் டூ பிள்ளைகள் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.