தனியார் பணம் நம்ம ஊர் ரோட்டுக்கு எப்படி வருகிறது?

[காட்சி: சத்திரக்குடி அருகே இருவழிச் சாலை. மீன் வண்டியின் பின்கதவில் ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. எதிரே வரிசையாகச் சுற்றுலா வேன்கள், முந்த இடமில்லை.]

குரல்: வணக்கம். பாம்பனிலும் மண்டபத்திலும் ஏற்றிய மீன் மதுரைக்குப் போகும் வழி இது. ஐஸ் கரையக் கரைய மீன் விலையும் இறங்கும். இதில் பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு 1,853 கோடி ரூபாய். தனியார் முதலீடும் வருகிறது. சரி, எதை நம்பி அவர்கள் பணம் போடுகிறார்கள்?

முன்பு பல ரோடுகளைக் கம்பெனியே கடன் வாங்கிப் போட்டு, டோல் வசூலித்துக் கடனை அடைத்தது. எதிர்பார்த்த அளவு வண்டி ஓடாவிட்டால் அடி கம்பெனிக்கு, அப்புறம் கடன் கொடுத்த வங்கிக்கு. நாடு முழுக்கப் பல திட்டங்கள் அப்படித்தான் பாதியில் நின்றன.

அதற்கு மாற்றாக 2016இல் வந்தது ஹைபிரிட் ஆன்யுட்டி. நம் ரோடும் இந்த முறைதான். வேலை நடக்கும்போதே 40 சதவீதத்தை அரசு கொடுத்துவிடும். மீதி 60ஐக் கம்பெனி புரட்ட வேண்டும். அதை 15 வருஷத் தவணையில் வட்டியோடு அரசு திருப்பித் தரும். டோல் பணம் கம்பெனிக்குப் போகாது. வண்டி குறைந்தாலும் தவணை நிற்காது. அந்த ரிஸ்க் அரசு தலையில், அதாவது நம் தலையில். இதை நான் குறை சொல்லவில்லை. இல்லாவிட்டால் இந்த ரோட்டுக்கு எந்த வங்கியும் கடன் தராது. ஆனால் ஊருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

[காட்சி: கமுதி. கண்ணுக்கெட்டிய தூரம் சோலார் தகடுகள்.]

இந்த 648 மெகாவாட் நிலையம் 2016இல் தயாரானது, அதானி குழுமத்தின் முதலீட்டில். பணம் போடத் துணிச்சல் தந்தது மின்வாரியத்தின் கையெழுத்து: யூனிட் 7 ரூபாய் 1 காசு, 25 வருஷத்துக்கு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் சோலார் மின்சாரம் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. உலகமே விலை குறையும் என்று பேசிக்கொண்டிருந்த பொருளுக்கு ஒரே விலையைக் கால் நூற்றாண்டுக்குக் கட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை. விலை சரிந்ததன் பாரம் வாங்குபவர் மேல் விழுந்தது.

[காட்சி: புதிய பாம்பன் பாலம், நடுப்பகுதி மேலே எழும்புகிறது.]

2025 ஏப்ரலில் திறந்த இந்தப் பாலத்துக்கு 550 கோடிக்கு மேல் செலவு. முழுக்க அரசுப் பணம். ராமேஸ்வரம் டிக்கெட்டை நம்பி எந்த முதலீட்டாளரும் இதைக் கட்ட மாட்டார்.

[காட்சி: கடலோரக் கிராமம். பிளாஸ்டிக் குடங்கள் அடுக்கிய தள்ளுவண்டியை ஒரு பெண் தள்ளிப் போகிறார்.]

குடிநீர்க் குழாயும் அப்படித்தான். இங்கே வசூலாகும் கட்டணத்தில் லாபம் கிடைக்காது, அரசுதான் போட வேண்டும். மின்வாரியத்தின் நஷ்டத்தை ஈடுகட்டத் தமிழக அரசு எடுக்கும் பணமும், இந்தக் குழாய்க்கான பணமும் ஒரே கஜானாவில்தான் இருக்கின்றன.