மோனாலிசாவுக்குப் பின்னாடி இருக்கிற மலை

கூடலூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "அண்ணா, மோனாலிசாவைப் பார்த்து ஆயில் பெயின்ட் பழகுறேன். மூணு தடவை அழிச்சாச்சு, அந்தச் சிரிப்பு வரல. காப்பி பண்ணிக் கத்துக்கிறதே தப்புன்னு வேற சொல்றாங்க." கூடவே அவங்க போட்ட படத்தோட போட்டோ. ரெண்டு நாளா என் மண்டையைக் குடையறது அந்த போட்டோதான்.

காப்பி பண்றது தப்பே இல்ல. பாரிஸ் லூவர் மியூசியத்துல 1793ல திறந்ததுல இருந்தே உள்ள உட்கார்ந்து பார்த்துப் போட இடம் கொடுத்திருக்காங்க. ஒரிஜினல் அளவுலயே போடக்கூடாது, அவ்வளவுதான். அது முடிஞ்சுது.

இப்ப போட்டோவுக்கு வருவோம். முகம் நல்லா வந்திருக்கு, நிஜமாவே. ஆனா பின்னாடி வெறும் வெள்ளை கேன்வாஸ். முகத்தை முடிச்சிட்டு மலையைப் போட்டுக்கலாம்னு விட்டிருக்கீங்க. ரெகுலரா பார்க்கிறவங்க சிரிப்பீங்க, இவன் மறுபடி இங்கயே வந்துட்டான்னு. ஆமா, வருவேன். ஆளும் மலையும் ஒண்ணா வளரணும்.

நானும் இதே கூத்து பண்ணவன்தான். கோத்தகிரி வீட்டுல, ஒரு காலண்டர் படத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு மாசம் முகம் மட்டுமே போட்டேன். பின்னாடி இருந்த மலையை ஒரே மத்தியானத்துல அடிச்சு விட்டேன். எங்கம்மா காபி டம்ளரோட வந்து பார்த்துட்டு, "ஏன்டா, இந்தம்மா ஸ்டூடியோல திரைக்கு முன்னாடி உட்கார்ந்திருக்காளா?"ன்னாங்க. அதுக்கப்புறம் அந்தப் படத்தைச் சுவத்துல மாட்டவே இல்ல.

மாட்ரிட்ல பிராடோ மியூசியத்துல ஒரு மோனாலிசா காப்பி இருக்கு. டாவின்சி பட்டறையிலயே, அவர் போடப் போட பக்கத்துல ஒரு சிஷ்யன் போட்டது. பிற்காலத்துல யாரோ மலை முழுக்கக் கறுப்புப் பெயின்ட் பூசிட்டாங்க. அந்தக் கறுப்பை எடுத்து 2012ல காட்டினாங்க பாருங்க, உள்ள நீல நீலமா மலை! ஒரிஜினல்ல வார்னிஷ் பழுத்து மஞ்சளாயிட்டதால நமக்குப் பாசி கலர்லதான் தெரியுது. அதனால காலண்டரை நம்பாம சிஷ்யன் படத்தையும் பக்கத்துல வெச்சுக்கோங்க. அவனும் காப்பி பண்ணிக் கத்துக்கிட்டவன்தானே.

அந்த நீலம் எப்படி வருதுன்னு பார்க்க மாட்ரிட் போக வேண்டாம். கோடநாடு காட்சிமுனைக்குப் போங்க. காலடியில தேயிலை கரும்பச்சை. கீழ தெங்குமரஹடா கிராமம், மாயாறு. அதைத் தாண்டின மலையில பச்சை செத்து நீலம் ஏறும். கடைசி மலைக்கும் வானத்துக்கும் நடுவுல கோடே இருக்காது. அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை, துளியூண்டு பர்ண்ட் அம்பர்ங்கிற பழுப்பு. தூரம் போகப் போக வெள்ளையைக் கூட்டுங்க.

இப்ப தோள்பட்டையைப் பாருங்க. கத்தரிச்சு ஒட்டின மாதிரி இருக்குன்னா ஓரம் கூர்மையா நிக்குதுன்னு அர்த்தம். தோள், மலை ரெண்டும் ஈரமா இருக்கும்போதே, பெயின்ட் இல்லாத மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால ஓரத்தை லேசா தடவி விடுங்க. எல்லா இடத்துலயும் வேண்டாம், மங்கலா தெரியுற இடத்துல மட்டும். நம்ம ஊர்க் குளிர்ல ஈரம் சீக்கிரம் போகாது, இந்த வேலைக்கு அது வசதி. காயலைன்னு அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீங்க. துணி மாதிரி தண்ணி ஆவியாகிக் காயற சமாச்சாரம் இல்ல இது. பெயின்ட்ல இருக்கிற லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், காத்துல இருக்கிற ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும். அடிப் பூச்சுல பெயின்ட்டை இளக்குற டர்பன்டைன் விட்டு மெல்லிசா, மேல் பூச்சுக்குப் போகப் போக எண்ணெய் கூட. மாத்திப் போட்டா நாளாக நாளாக பெயின்ட்ல விரிசல் விழும்.

சிரிப்பா? அதுவும் ஓரம்தான்மா. உதட்டுக் கோடியில கோடு கிழிச்சிருக்கீங்க, அங்க கோடே கிடையாது, நிழல்தான். முதல்ல இடது பக்கத்து மலையைப் போட்டு போட்டோ அனுப்புங்க. அந்தப் பக்கம் அடிவானம் வலது பக்கத்தைவிட இறக்கமா இருக்கும், ஸ்கேல் வெச்சு நேராக்கிடாதீங்க.