மலைச்சரிவில் உள்ள வீட்டுக்குச் செயற்கைப் புல் ஆடுகளம்: நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

ஹட்டனுக்கு அருகிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கும் சந்தேகத்தை முதலில் வாசித்துவிடுகிறேன். "எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்துப் பேர்ச் அளவு காணி சரிவாகக் கிடக்கிறது. பிள்ளைகள் கிரிக்கெட்டும் காற்பந்தும் விளையாட அங்கே செயற்கைப் புல் பதிக்க நினைக்கிறோம். சீமெந்துத் தரை போட்டு, அதன்மேல் விரித்தால் போதுமா? எங்கள் பக்கத்து மழைக்கு அது தாங்குமா?"

புல் தாங்கும். அதன் இழைகள் பெரும்பாலும் பொலிஎதிலீன் என்பதால் மழையில் அழுகுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. தாங்குமா என்று நீங்கள் கேட்க வேண்டியது, அதற்குக் கீழே இருக்கப்போகும் மண்ணைப் பற்றித்தான். மேட்டுப் பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிச் சமப்படுத்திவிடலாம் என்று பெக்கோ இயந்திரம் கொண்டுவருபவர் சொல்வார்; அரை நாளில் செய்தும் தந்துவிடுவார். அப்படிச் செய்தால் ஆடுகளத்தின் ஒரு பாதி பழைய உறுதியான மண்ணிலும் மறு பாதி இறுகாத புது மண்ணிலும் நிற்கும். முதல் மழைக்காலத்திலேயே நடுவில் ஒரு கோடு பிளந்து, பள்ளத்துப் பக்கம் தாழ்ந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அடிவாரம் வெட்டப்பட்ட மேட்டுச் சரிவில் இருக்கிறது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் புதையுண்டதைப் பார்த்த மலையகத்தவருக்கு, நீரூறிய மண் எப்படி நகரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே மண்ணில் கை வைப்பதற்கு முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுங்கள். பிரதேச சபையிலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்த பின்னர், ஆடுகளத்தின் நீளப் பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்கே, அதாவது தேயிலை நிரைகள் போகும் போக்கில் வைத்துக்கொண்டால் வெட்டும் மண்ணின் அளவு வெகுவாகக் குறையும். நிரப்பும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல், ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை பரப்பி, இடித்து இறுக்கி, அதன் பிறகே அடுத்த படையைப் போட வேண்டும்.

இனித் தண்ணீருக்கு வருவோம். 20 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் உள்ள ஒரு களத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், அதன்மேல் விழும் நீர் மட்டும் 10,000 லீற்றர். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது என்பதையும், மேட்டிலிருந்து இறங்கி வரும் நீர் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மேட்டு நீர் களத்துக்குள் வராமல் தடுக்க, தோட்டத்தில் வெட்டுவதைப் போன்றே மேற்புறத்தில் ஒரு கான் வெட்டி, அதைப் பக்கவாட்டில் ஏற்கெனவே உள்ள ஓடையில் சேர்த்துவிட வேண்டும். நம் ஊரில் ஒரு வீட்டின் முற்றமும் அடுத்த வீட்டின் கூரையும் ஒரே மட்டத்தில் இருப்பது வழக்கம் என்பதால், உங்கள் கான் கீழ்வீட்டுக்காரருடைய குசினிக்குப் போகாதபடி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

களத்தின் அடித்தளத்தில் முதலில் மண்ணும் கல்லும் கலந்துவிடாமல் காக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன்மேல் உடைத்த கருங்கல்லை 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை இறுக்கி, மேலே மெல்லிய கல்தூள் படை இட வேண்டும். தண்ணீர் ஒரு பக்கமாக வடிய, மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சாய்வு போதும். பந்தின் ஓட்டத்தை அது கெடுக்காது. இந்த அடித்தளம் தண்ணீரைக் கீழே விடும். சீமெந்துத் தரை விடாது. ஆகவே சாய்வில் சிறு தவறு நேர்ந்தாலும் புல்லுக்கடியில் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும். அதுமட்டுமன்றி, கொன்கிரீட்டின் மேல் நேரடியாக விரித்த புல்லில் காற்பந்து ஆடி விழும் பிள்ளையின் முழங்கால் என்னவாகும் என்பதையும் யோசிக்க வேண்டும். அதற்கு அதிர்வு தாங்கும் விரிப்பு ஒன்று இடையில் அவசியம். கிரிக்கெட் பந்து எழும்பும் கீற்றுக்கு மட்டும் கொன்கிரீட் நல்லது. பல நாடுகளில் அப்படிப் போடுகிறார்கள்.

எந்த விளையாட்டுக்கு என்பதையும் தீர்மானியுங்கள். ஐவர் காற்பந்துக்கு 25 மீற்றருக்கு 15 மீற்றர் என்று வைத்தாலே ஏறத்தாழ 15 பேர்ச் வேண்டும். உங்களிடம் அது இல்லை. கிரிக்கெட்டுக்கு ஆடுகள நீளம் 20.12 மீற்றர், அதற்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மில்லிமீற்றர் உயரமுள்ள அடர்ந்த குட்டைப் புல் பொருந்தும். காற்பந்துக்கான புல்லோ 40 முதல் 60 மில்லிமீற்றர் வரை உயரமானது. எல்லா விளையாட்டுக்கும் ஒரே புல் போதும் என்று விற்பவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. கிரிக்கெட்டை முதன்மையாக வைத்து செயற்கைப் புல்லில் ஒரு நீளக் கீற்று அமைத்து, மிச்ச இடத்தை இயற்கைப் புல்லாகவே விட்டுவிடுங்கள். பந்து உதைக்க அது போதும்.

உயரப் புல்லைத்தான் தேர்ந்தெடுப்பீர்களானால், இழைகளுக்கிடையே நிரப்ப இறப்பர் துகள்களைத் தருவார்கள். உங்கள் களத்து நீர் ஓடைக்குப் போகிறது, கீழே பீலியில் யாரோ அந்தத் தண்ணீரைப் பிடிக்கிறார்கள். எனவே சலித்த மணல் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இத்தகைய துகள்களின் விற்பனைக்குத் தடை விதித்து, அது நடைமுறைக்கு வர எட்டாண்டு அவகாசம் அளித்திருக்கிறது.

பதிக்கும் காலம் மிக முக்கியமானது. புல் விரிப்புகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புப் பட்டியில் தடவும் பசை ஈரத்தில் சரியாகப் பிடிக்காது, நனைந்த மணல் இழைகளுக்குள் இறங்காது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் தேயிலையின் தரம் உயரும் ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காலமே இதற்கும் ஏற்றது. பண்டாரவளை, பதுளை நேயர்கள் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களை எடுத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு அதிகமில்லை. மூடுபனி அதிகமான இடங்களில் நிழல் விழும் மூலையில் பாசி படரும். முரட்டு நைலோன் துடைப்பத்தால் வாரமொரு முறை இழைகள் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகக் கூட்டினால் போதும், கம்பித் தூரிகை வேண்டாம். நிழல் தருகிறது என்பதற்காக மேட்டிலுள்ள மரத்தை அடியோடு வெட்டிவிடாதீர்கள். கிளைகளை மட்டும் கழியுங்கள், அந்தச் சரிவை வேர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.