யாஸ்: 11619 என்ற எண்ணுக்குள் ஓர் எழுத்து

[திரை: வெற்றுத் தாள். தூரிகை ஓர் எழுத்தை மெல்ல வரைகிறது.]

ஒரு செங்குத்துக் கோடு. மேலே கிண்ணம் போல ஒரு வளைவு; கீழே அதே கிண்ணம் கவிழ்ந்தபடி. கைகளைத் தூக்கி, கால்களை அகட்டி நிற்கும் மனிதர் தெரிகிறாரா? இது யாஸ். வட ஆப்பிரிக்காவின் அமாஸிக் மக்கள், அதாவது உலகம் பெர்பர் என்று அழைத்துவந்தவர்கள், எழுதும் திஃபினாக் எழுத்துகளில் ஒன்று. தேனீயின் ரீங்காரத்தில் வரும் ஒலி இதற்கு. தமிழில் அதற்கு எழுத்தில்லை. ‘ஸ’ போட்டுச் சமாளிக்கிறேன்.

[திரை: நீலம், பச்சை, மஞ்சள் பட்டைகளின் நடுவே சிவப்பு யாஸ்.]

அமாஸிக் கொடியின் நடுவே நிற்பதும் இதே எழுத்துதான். ‘அமாஸிக்’ என்ற சொல்லின் வேரில் மூன்று மெய்கள், நடுமெய் இது.

மொராக்கோவின் எர்ராஷிதியாவில் 1994 மே தினப் பேரணிக்குத் திஃபினாக்கில் எழுதிய பதாகைகளோடு போனவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். 2003இல் அதே நாடு தன் பள்ளிகளில் அமாஸிக் மொழியைக் கற்பிக்கத் திஃபினாக்கைத் தேர்ந்தெடுத்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் தரும் பொதுத் தரம் யூனிகோடு. 2005 மார்ச்சில் வெளியான அதன் 4.1 பதிப்பில் அந்த எழுத்துகள் இடம்பிடித்தன. பதாகையிலிருந்து கணினிக்கு வர 11 ஆண்டுகள்.

அதற்கு முன் எப்படித் தட்டச்சு செய்தார்கள்? நாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் செய்த அதே தந்திரம்தான். ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணில் திஃபினாக் படத்தை ஒட்டிவிடுவது. ஆங்கிலத்தின் கடைசிச் சிற்றெழுத்துக்கு 122 என்று எண். எழுத்துரு இருக்கும் கணினியில் அது யாஸாகத் தெரியும், இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும்.

யூனிகோடு யாஸுக்குத் தந்த சொந்த எண் 11619. கணினி தகவலைச் சேமிக்கும் சிறு அலகான ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும் என்பதால், யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறை இதை மூன்றாகப் பிரிக்கிறது.

[திரை: கரும்பலகையில் கணக்கு.]

11619இல் 4096 இரண்டு முறை அடங்கும். மிச்சத்தில் 64 என்பது 53 முறை. கடைசியில் 35 மீதி. முதல் எண்ணோடு 224ஐயும், மற்ற இரண்டோடு 128ஐயும் கூட்டுங்கள்: 226, 181, 163. கோப்பில் உட்கார்ந்திருப்பது இவ்வளவுதான். நம் ‘க’வும் இதே கணக்கில் 224, 174, 149 ஆகிறது.

இந்த மூன்றையும் பழைய மேற்கத்தியக் குறியீடாக ஒரு மென்பொருள் தவறாகப் படித்தால் என்ன ஆகும்? தொப்பி போட்ட ஓர் ‘ஏ’, கிரேக்க ‘மியூ’, கடைசியில் பிரிட்டிஷ் பவுண்டு சின்னம். அமாஸிக் அடையாளம் லண்டன் நாணயத்தில் போய் முடிவது எனக்கு எப்போதும் சிரிப்பூட்டும்.

சரி, ஓர் எழுத்தின் எல்லா வடிவங்களுக்கும் ஒரே எண்ணா? இங்கேதான் சிக்கல். சஹாராவின் துவாரெக் மக்களுக்கு அவரவர் வட்டாரத்து வடிவங்கள் உண்டு. அவர்களின் தவெல்லெமெத் என்ற பேச்சு வழக்கில் எழுதும் யாஸுக்குத் தனியாக 11620 தரப்பட்டது. தொண்டையை இறுக்கி உச்சரிக்கும் வல்லின யாஸுக்கு 11621. இவற்றில் இரண்டாவது வேறு ஒலி, வேறு எண் நியாயம். முதலாவது அதே ஒலியின் மாற்றுரு. அதை எழுத்துருவின் பொறுப்பில் விட்டிருக்கலாம் என்று யாராவது வாதிட்டால் மறுப்பது எளிதல்ல. ஆனால் ஒரே கட்டுரையில் இரு வடிவங்களையும் அருகருகே காட்ட நினைக்கும் ஆய்வாளருக்கு இரண்டு எண்கள் வரம்.

திசையையும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பழங்காலத்தில் இடமிருந்து வலம், வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றெல்லாம் எழுதினார்கள். யூனிகோடு இடமிருந்து வலம் என்று வைத்தது. யாஸுக்கு அதனால் நட்டமில்லை. தலைகீழாகத் திருப்பினாலும் அது யாஸ்தான்.

எண் கிடைத்தும் முகம் உடனே கிடைக்கவில்லை. விண்டோஸோடு திஃபினாக் எழுத்துரு வந்தது 2009இல், விண்டோஸ் 7இல்தான்.

[திரை: காலியான இணையப் பக்கக் கோப்பு. சுட்டி மினுங்குகிறது.]

நீங்களே பாருங்கள். ஆம்பர்சண்ட், ஹேஷ், 11619, ஓர் அரைப்புள்ளி. இடைவெளியில்லாமல் தட்டி, கோப்பைச் சேமித்து உலாவியில் திறங்கள். கை தூக்கிய மனிதர் வந்தால் உங்கள் கருவியில் எழுத்துரு இருக்கிறது. வெறும் கட்டம் தெரிந்தால், எண் வந்து சேர்ந்துவிட்டது; வரைய ஆளில்லை.