தீப்பெட்டியின் பழுப்புப் பட்டை

[காட்சி: இருட்டு. ஒரு கை தீக்குச்சியை உரசுகிறது. சுடர் எழுகிறது. காட்சி பின்னோக்கி ஓடி, உரசும் கணத்தில் நிற்கிறது.]

வணக்கம். இந்தக் காட்சியை மிக மெதுவாக ஓட்டிக் காட்டப் போகிறேன். குச்சியின் தலையைப் பார்க்காதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பழுப்புப் பட்டையைப் பாருங்கள். தீ தொடங்குவது அங்கேதான். இதே குச்சியைச் சாதாரணச் சுவரில் எத்தனை முறை தேய்த்தாலும் எளிதில் பற்றாது. பற்றவைக்கும் சரக்கு குச்சியில் இல்லை, அந்தப் பட்டையில் இருக்கிறது. அதன் பெயர் சிவப்பு பாஸ்பரஸ்.

அது இந்த அட்டைப் பெட்டிக்கு வந்து சேர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. வேதியியலின் வரலாற்றை ஒரே ஒரு பொருளை வைத்துச் சொல் என்றால் நான் இதைத்தான் கையில் எடுப்பேன்.

[காட்சி: பழைய ஆய்வுக்கூடம், அடுப்பின் மேல் கொதிக்கும் பாத்திரம்.]

1669, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி பொன் தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடிய இடம், மனிதர்களின் சிறுநீர். குடம் குடமாகச் சேர்த்து, கூழாகும்வரை காய்ச்சி, மிஞ்சிய வண்டலைக் கடும் சூட்டில் வாட்டினார். அந்த நாற்றத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பொன் கிடைக்கவில்லை. மெழுகு போன்ற ஒரு வெண்பொருள் கிடைத்தது. விளக்கை அணைத்தால் அது இளம்பச்சையாக ஒளிர்ந்தது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் அது மெல்ல மெல்ல வினைபுரிவதால் வரும் ஒளி அது. அந்தக் காரணம் அன்று யாருக்கும் தெரியாது. ‘ஒளியைத் தாங்குவது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதைப் பாஸ்பரஸ் என்றார்கள்.

அடுத்த நூறு ஆண்டுகள் அது ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. எலும்பிலும் பாஸ்பரஸ் உண்டு என்பதை 1770 வாக்கில் ஸ்வீடனின் வேதியியலாளர்கள் கானும் ஷீலேவும் கண்டறிந்த பிறகுதான், அதைத் தேடிச் சிறுநீரிடம் போக வேண்டிய அவசியம் தீர்ந்தது.

[காட்சி: ஒரு தராசு. தட்டுகள் மெல்ல அசைகின்றன.]

இப்போது பாரிஸ். 1772. அன்றைய அறிஞர்களின் நம்பிக்கை இது: எரியும் பொருளிலிருந்து ‘ஃபுளோஜிஸ்டன்’ என்ற ஒன்று வெளியேறுகிறது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. விறகு எரிந்தால் கொஞ்சம் சாம்பல்தானே மிஞ்சுகிறது? ஆன்டுவான் லவாய்சியே என்ற வேதியியலாளர் பாஸ்பரஸை எரித்து, எரிந்ததைத் தராசில் வைத்தார். எடை குறையவில்லை, கூடியிருந்தது. கந்தகத்தை எரித்தபோதும் அப்படியே. அப்படியானால் எரியும்போது எதுவும் வெளியே போகவில்லை. காற்றிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று இதை ஒரு கடிதமாக எழுதி, முத்திரையிட்டு அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்தார். வந்து சேர்ந்த அந்த ஒன்றுக்குப் பின்னர் அவரே ஆக்ஸிஜன் என்று பெயரிட்டார். என்னைக் கேட்டால், நவீன வேதியியல் அந்தத் தராசுத் தட்டில்தான் பிறந்தது.

[காட்சி: மருந்துக்கடை மேசையில் சிறு குச்சிகள்.]

1827-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் உரசினால் பற்றும் குச்சிகளை விற்றார். அவற்றில் பாஸ்பரஸ் இல்லை. மடித்த உப்புத்தாளுக்குள் வைத்து இழுக்க வேண்டும். சில ஆண்டுகளில் பிரான்சின் சார்ல் சோரியா குச்சித் தலையில் வெள்ளை பாஸ்பரஸைச் சேர்த்தார். எங்கே உரசினாலும் பற்றியது. உலகமே வாங்கியது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வெள்ளை பாஸ்பரஸ் கொடிய நஞ்சு. தொழிற்சாலைகளில் குச்சிகளை அந்தக் கலவையில் தோய்த்த பெண்களும் சிறுவர்களும் அதன் ஆவியை நாள் முழுவதும் சுவாசித்தார்கள். முதலில் பல்வலி வரும். பிறகு ஈறு வீங்கிச் சீழ் வைக்கும். கடைசியில் தாடை எலும்பே அழுகும். எலும்பை வெட்டி எடுத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்ற நிலை. ஒரு நொடியில் தீ கிடைக்கும் வசதிக்கு அவர்கள் தங்கள் முகத்தை விலையாகக் கொடுத்தார்கள். இதை நான் கடந்துபோக மாட்டேன்.

இதில் மனத்தை உறுத்துவது, மாற்று ஏற்கெனவே கையில் இருந்தது என்பதுதான். 1840-களின் இறுதியில் வியன்னாவின் வேதியியலாளர் ஆன்டன் ஷ்ரோட்டர், காற்றுப் படாமல் சூடேற்றினால் வெள்ளை பாஸ்பரஸ் சிவப்பாக மாறுகிறது என்று காட்டினார். இரண்டும் ஒரே தனிமம். அணுக்கள் கைகோத்திருக்கும் விதம் மட்டுமே வேறு. சிவப்பு வடிவம் நஞ்சு இல்லாதது, தானாகப் பற்றாதது. ஸ்வீடனின் லுண்ட்ஸ்ட்ரம் சகோதரர்கள் அதைக் குச்சியிலிருந்து பிரித்துப் பெட்டியின் பக்கத்தில் பூசினார்கள். 1855 பாரிஸ் கண்காட்சியில் அதற்குப் பதக்கமும் கிடைத்தது. ஆனால் வெள்ளை மலிவு. எங்கும் உரசலாம். ஆகவே அது தொடர்ந்தது.

1888 ஜூலையில் லண்டனின் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் அவலத்தை அதற்குச் சில நாட்கள் முன்பு பத்திரிகையில் எழுதியவர் அன்னி பெசன்ட். அவர்கள் கூலியில் பிடிக்கப்பட்டுவந்த அபராதங்கள் நீங்கின, நஞ்சு உடனே நீங்கவில்லை. 1906-இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கைதான் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளுக்குத் தடை போட்டது.

[காட்சி: மீண்டும் அதே குச்சி, மிக அருகில்.]

இப்போது உரசலாம். பட்டையிலுள்ள கண்ணாடித் தூள் உராய்ந்து சூடாகிறது. அந்தச் சூட்டில் துளியளவு சிவப்பு பாஸ்பரஸ் பற்றுகிறது. குச்சித் தலையிலுள்ள பொட்டாசியம் குளோரேட் ஆக்ஸிஜனை அவிழ்த்துவிட, கந்தகம் கனன்று, மெழுகில் ஊறிய மரத்துக்குத் தீ தாவுகிறது.

ஊதி அணையுங்கள். மரம் கங்காகக் கனன்றுகொண்டே இருக்காமல் உடனே கறுத்துவிடுகிறது, பாருங்கள். குச்சியை முன்கூட்டியே அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்திருக்கிறார்கள். பற்றவைத்ததும் பாஸ்பரஸ். இப்போது அணைத்து வைத்திருப்பதும் அதுவே.